ஒட்டகத்தோட அம்மா

வியாழக்கிழமை காலை அம்மா தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"சின்னு, நம்ம தெருவுல ஏதாவது உடைஞ்சிருக்கா?"

சின்னவள் ஷூ மாட்டிக்கொண்டிருந்தாள். "என்னது?"

"குழாய், சாக்கடை மூடி, விளக்கு. ஏதாவது."

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஏன்?"

"அதான் பிரச்சினை."

அம்மா மறுபடி மெஷினை மிதித்தாள். யாருடைய பேண்ட்டோ, இரண்டு அங்குலம் குறைக்க வேண்டும்.

அம்மா கொஞ்ச நாளாகவே இப்படித்தான். போன ஞாயிற்றுக்கிழமை கணுக்கால் வரை சேறோடு வந்து, "சும்மா நடந்துட்டு வந்தேன்" என்றாள். சின்னவள் அதை மறக்கவில்லை. கேட்டால் பதில் வராது என்று தெரியும். அந்த வீட்டில் கேட்காமல் விட்ட கேள்விகள் நிறைய.

அதில் பெரிய கேள்வி அண்ணன். அப்பாவின் ஆபரேஷனுக்குச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டவன் அவன். அப்பா கண் விழிக்கவில்லை. துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் போன பிறகு சமையலறை வாசலில் நின்று சின்னவள் ஒன்று சொன்னாள். "நீதானே கையெழுத்துப் போட்ட."

அவ்வளவுதான் சொன்னாள். அண்ணன் கையிலிருந்த தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தான். அந்த வாரமே போய்விட்டான். போன் எண்ணையும் மாற்றிவிட்டான். இரண்டு வருடம் ஆகிறது.

*

நகராட்சிக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் சின்னவளுக்கு வேலை. 'பார்த்தேன்' செயலியின் புள்ளிப் பிரிவு.

தெருவில் உடைந்தது எதைப் பார்த்தாலும் படம் எடுத்து 'பார்த்தேன்' என்ற பொத்தானை அழுத்தலாம். பத்துப் புள்ளி. இன்னொருவர் அதே இடத்துக்கு நேரில் போய், முப்பது அடிக்குள் நின்று, தானும் ஒரு படம் எடுத்து 'நானும் பார்த்தேன்' என்று அழுத்தினால் அவருக்கு ஐந்து. அதன் பிறகுதான் பழுது பார்க்க ஆள் போவார்கள். புள்ளியைப் பேருந்துச் சீட்டாகவோ நீச்சல் குளத்துச் சீட்டாகவோ மாற்றிக்கொள்ளலாம். இல்லாவிட்டால் சும்மா வைத்துக்கொண்டு பட்டியலில் பெயர் மேலே ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். நிறைய பேர் இரண்டாவதைத்தான் செய்தார்கள்.

சாட்சி வேண்டும் என்பது சின்னவளின் யோசனை. புள்ளிக்காக வருகிறவர்கள் இரண்டு வாரத்தில் சலித்துப் போகிறார்கள். தான் பார்த்ததை இன்னொருவரும் பார்த்தார் என்று தெரிந்தால் சலிக்காது. கூட்டத்தில் அவள் இப்படிச் சொன்னபோது யாரும் நம்பவில்லை. நான்கு மாதத்தில் புகார்கள் மூன்று மடங்கு ஆயின.

கூடவே திருட்டும் வந்தது. ஒருவர் ஒரே பள்ளத்தை ஆறு கோணத்தில் எடுத்து ஆறு பள்ளமாக்கினார். ஒருவர் தன் பழைய போனைத் தனக்கே சாட்சியாக்கினார். அதனால் போன மாதம் சின்னவளே இன்னொரு விதியும் எழுதினாள். ஐம்பது புகாருக்கு மேல் போட்ட ஒருவருக்கு, பத்துக்கு ஒன்பதுக்கு மேல் ஒரே ஆள் சாட்சியாக இருந்தால் இரண்டு கணக்கும் முடக்கப்படும். வாரம் ஒருமுறை, வியாழன் மாலை ஆறு மணிக்கு, விதி தானாக ஓடும். தடுக்க வேண்டுமானால் பொறுப்பாளர் காரணம் எழுத வேண்டும். பொறுப்பாளர் அவள்.

இன்றுதான் அது முதல் முறையாக ஓடப்போகிறது.

"மாட்டிக்கிச்சும்மா ஒரு ஜோடி," என்றார் பக்கத்து மேஜை வரைபடக்காரர். ஊரின் ஒவ்வொரு சாக்கடை மூடியும் அவருக்கு மனப்பாடம். "இருநூத்திப் பன்னெண்டு புகார். அதுல இருநூத்தி ஆறுக்கு ஒரே சாட்சி. ஒரே ஆளு ரெண்டு போன வச்சுக்கிட்டு விளையாடுறான்."

"எப்படிச் சொல்றீங்க சார்?"

"பேரப் பாரு. சாட்சி பேரு ஒட்டகம். புகார் போடுறது ஒட்டகத்தோட அம்மா." அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "கற்பனை கூட பஞ்சம் பாரு அவனுக்கு."

சின்னவள் சிரிக்கவில்லை.

பதினைந்து வயதில் ஒரே வருடத்தில் அரையடி வளர்ந்தவன் அண்ணன். உடம்பை விட்டுவிட்டுக் கழுத்து மட்டும் முதலில் வளர்ந்தது. அப்பாதான் பெயர் வைத்தார்.

செயலியில் கணக்குத் தொடங்கும்போது முதல் கேள்வி, 'உங்களை எப்படி அழைக்கிறார்கள்?' அதை எழுதியதும் அவள்தான். செல்லப் பெயர் போட்டால் ஆட்கள் இயல்பாக இருப்பார்கள் என்று நினைத்தாள். செயலி கேட்ட கேள்விக்கு அம்மா ஒழுங்காகப் பதில் எழுதியிருக்கிறாள்.

"சார், இந்த இடமெல்லாம் மேப்புல வருமா?"

"தேதி வாரியா போடவா?"

அவர் போட்டார். முதல் புள்ளி ஆற்றுப் பாலத்துக்குக் கீழே, பார்சல் கிடங்கு ஓரம், எரியாத ஒரு விளக்கு. அடுத்த சில நாட்களின் புள்ளிகள் பாலத்தைச் சுற்றியே சிதறிக் கிடந்தன. பிறகு புள்ளிகள் நகர ஆரம்பித்தன. மார்க்கெட் பின்புறம். பள்ளிக்கூட மதில். பஸ் டிப்போ. ஒவ்வொரு வாரமும் இரண்டு தெரு, மூன்று தெரு.

"எறும்பு ஊர்ற மாதிரி ஒரே பக்கமா வருது பாரு," என்றார் வரைபடக்காரர். "எங்க போகுது இது?"

கடைசிப் புள்ளி ஒரு தெருமுனையில் நின்றிருந்தது. மருந்துக்கடை வாசல், மூடி இல்லாத வடிகால். ஞாயிற்றுக்கிழமை. சேறு அங்கேதான்.

அது அவர்கள் தெருமுனை. அங்கிருந்து வீடு நூற்றைம்பது அடி.

அதற்குப் பிறகு நான்கு நாளாக ஒரு புகாரும் இல்லை.

சின்னவள் சாட்சியின் கணக்கைத் திறந்தாள். பெயர், படம் இல்லாத வட்டம், கீழே 'தொடர்பு எண்' என்று ஒரு பூட்டுக் குறி. பொறுப்பாளர் ஒரு தட்டுத் தட்டினால் திறக்கும். அவள் விரல் அதன் மேல் இருந்தது.

அவன் அந்த எண்ணை நகராட்சிக்குக் கொடுத்திருக்கிறான். அவளுக்குக் கொடுக்கவில்லை.

பக்கத்தை மூடினாள். எழுந்து மேலதிகாரியின் அறைக்குப் போனாள்.

*

மேலதிகாரி மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு கேட்டாள். அவளுக்கு ஐம்பது வயது. வளவள பேச்சு பிடிக்காது.

"உங்க அம்மாவும் அண்ணனுமா?"

"ஆமா மேடம்."

"அப்போ இந்த ஜோடியில நீங்க முடிவு எடுக்கக்கூடாது."

"தெரியும் மேடம். அதைச் சொல்லத்தான் வந்தேன்."

"பொய்ப் புகார் ஏதாவது இருக்கா?"

"ஒண்ணு கூட இல்ல. இருநூறுக்கு மேல ரிப்பேர் பண்ணி முடிச்சாச்சு."

"அம்மா கணக்குல எவ்வளவு புள்ளி?"

"ரெண்டாயிரத்து நூத்தி இருபது."

"எதுக்கு மாத்தினாங்க?"

"மாத்தல. பரிசுப் பக்கத்தைத் திறந்து கூடப் பார்க்கல."

மேலதிகாரி கண்ணாடியை இறக்கிக்கொண்டாள். சிறிது நேரம் திரையைப் பார்த்தாள்.

"தடுக்கிற உரிமை உங்க பேர்ல மட்டும்தான் இருக்கு. அதை நீங்க தொடக்கூடாது. என் பேருக்கு மாத்தணும்னா நாளைக்கு ஆகும். அதுக்குள்ள ஆறு மணி ஆயிடும்."

"முடங்கினா திரும்பத் திறக்க மூணு வாரம் மேடம். நாம வச்ச கெடுதான்."

"மூணு வாரம் தாங்காதா?"

சின்னவள் யோசித்தாள். ஒரு நாள் புகார் வரவில்லை என்றால் அண்ணன் என்ன நினைப்பான்? நான்கு நாளாக வரவில்லை. இன்று மாலை கணக்கே மூடினால், மூடியது யார் என்று நினைப்பான்? தங்கை எந்த ஆபீஸில் வேலை செய்கிறாள் என்று அவனுக்குத் தெரியும்.

"தாங்காது மேடம்."

"மணி மூணு. தலைவலின்னு எழுதிக் கொடுத்துட்டுக் கிளம்புங்க."

"தலைவலி இல்ல மேடம்."

"இதுக்குப் பேரு பின்ன என்ன?"

*

அம்மா நூல் கோர்த்துக்கொண்டிருந்தாள். சின்னவள் ஷூவைக் கூடக் கழற்றாமல் நேராகப் போய் எதிரில் உட்கார்ந்தாள்.

"ஒட்டகத்தோட அம்மா."

ஊசி நின்றது.

"கண்டுபிடிச்சுட்டியா," என்றாள் அம்மா.

"எப்போலேர்ந்து?"

"நாலு மாசம். நீ புது செயலி, புது செயலின்னு உயிரை வாங்கினியே, ஒண்ணு போட்டுத்தான் பார்ப்போமேன்னு போட்டேன். பாலத்துப் பக்கம் ஜிப் வாங்கப் போனப்போ விளக்கு எரியல. சாயங்காலம் 'நானும் பார்த்தேன், ஒட்டகம்'னு வந்துச்சு. ஊர்ல எத்தனை ஒட்டகம் இருக்கோன்னு விட்டுட்டேன். மறுநாள் இன்னொண்ணு போட்டேன். ஒரு மணி நேரத்துல வந்து நிக்கிறான்."

"என்கிட்ட ஏம்மா சொல்லல?"

அம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"சொன்னா நீ அங்க போய் நிப்ப. அவன் ஓடிடுவான்."

சின்னவள் சுவரைப் பார்த்தாள்.

"நீ நிக்கக் கூடாதுன்னு இல்லடி," என்றாள் அம்மா, குரலைத் தாழ்த்தி. "அவனா வரணும். நான் நம்பரைத் தேடிப் பிடிச்சுக் கூப்பிட்டா எடுக்க மாட்டான். எடுத்தாலும் வச்சிடுவான். ஆனா விளக்கு எரியலன்னா வந்து பார்க்கிறான். சரி, இவனை விளக்கு விளக்கா கூட்டிட்டு வருவோம்னு நெனச்சேன்."

"இப்போ ஏன் நாலு நாளா நிறுத்திட்ட?"

"நம்ம தெருவுல ஒண்ணுமே உடையலையே! போன மாசம்தான் எல்லாத்தையும் மாத்திட்டுப் போனான் உங்க ஆபீஸ்காரன். ரொம்ப நல்லா வேலை செய்றீங்க." அம்மாவுக்கு நிஜமாகவே கோபம். "முந்தாநாள் கையில கல்லு கூட எடுத்துட்டேன். வாசல் விளக்கைக் குறி பார்த்தேன்."

"அம்மா!"

"போடல. மனசு கேக்கல. எவன் வந்து ஏணி போட்டு மாட்டினானோ."

"இல்லாததை இருக்குன்னு போட்டிருக்கலாமே?"

"பொய்க்கு அவனைச் சாட்சி சொல்ல வைக்கச் சொல்றியா?"

சின்னவள் விதியைப் பற்றிச் சொன்னாள். ஆறு மணி. இரண்டு கணக்கும். விதி எழுதியது யார் என்பதையும் மறைக்காமல் சொன்னாள். அம்மா கேட்டுக்கொண்டாள். திட்டவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். நாலே கால்.

"வா," என்றாள்.

*

இருவரும் மாடியிலிருந்து தெருவில் இறங்கினார்கள்.

விளக்குக் கம்பம் நேராக நின்றது. குழாய் சொட்டவில்லை. குப்பைத் தொட்டிக்கு மூடி இருந்தது, ஒழுங்காக மூடியும் இருந்தது. தெருப் பலகையில் எழுத்து பளிச்சென்று தெரிந்தது. அம்மா ஒவ்வொன்றையும் பெண் பார்க்க வந்த மாமியார் மாதிரி குற்றம் தேடிப் பார்த்தாள்.

"என்னக்கா, ஏதாவது தொலைஞ்சு போச்சா?" என்று எதிர்வீட்டு ஜன்னலில் இருந்து ஒரு குரல்.

"ஆமா. தேடுறோம்," என்றாள் அம்மா.

முனை வரை போய்த் திரும்பினார்கள். நாலே முக்கால். வீட்டு கேட்டை நெருங்கும்போது சின்னவள் வழக்கம்போல ஓர் எட்டு நீட்டி வைத்தாள். பின்னால் வந்த அம்மாவின் காலடியில் 'சப்' என்று சத்தம். நடைபாதைக் கல் ஒன்று சாய்ந்து, அடியிலிருந்த தண்ணீர் அம்மாவின் புடவை ஓரத்தில் தெறித்தது.

இருவரும் கல்லைப் பார்த்தார்கள்.

தினமும் இரண்டு தடவை சின்னவள் அதைத் தாண்டித்தான் போகிறாள். தாண்டுகிறோம் என்பதே அவளுக்குத் தெரியாது. கால் பழகிவிட்டது.

"ஆடுதுடி," என்றாள் அம்மா. "நம்ம வாசல்லயே ஆடுது."

"சீக்கிரம் போடும்மா."

அம்மா போனை எடுத்தாள். எடுத்தவள் நிறுத்தினாள்.

"நீ போடு."

"நானா? எனக்குக் கணக்கே இல்ல."

"தொடங்கு. ஆபீஸ்ல உக்காந்து ஊரையெல்லாம் போடச் சொல்ற, உனக்கு ஒண்ணு இல்லையா?"

"அம்மா, நான் போட்டா அவன் வர மாட்டான்."

"நான் போட்டா இந்தக் கல்லு வரைக்கும் வருவான்," என்றாள் அம்மா. "மாடிக்கு வரணும்னா நீதான் போடணும்."

அவள் படியேறிப் போய்விட்டாள்.

சின்னவள் கணக்குத் தொடங்கினாள். 'உங்களை எப்படி அழைக்கிறார்கள்?' என்று செயலி கேட்டது. அவள் எழுதிய கேள்வி, இவ்வளவு கஷ்டமானது என்று தெரிந்திருந்தால் முதலில் வைத்திருக்க மாட்டாள். அம்மா சின்னு என்பாள். ஆபீஸில் மேடம். ஒரே ஒருவன் மட்டும் வேறு பெயரில் கூப்பிடுவான்.

'சுண்டெலி' என்று எழுதினாள்.

கல்லைப் படம் எடுத்தாள். பின்னணியில் கேட் தெரிகிற மாதிரி எடுத்தாள். பொத்தானை அழுத்தினாள். 'வாழ்த்துகள்! முதல் புகார்!' என்று வண்ணக் காகிதங்கள் திரையில் பறந்தன. அவற்றையும் அவள்தான் வைத்தாள். அறைந்து மூட வேண்டும் போலிருந்தது.

'சாட்சிக்காகக் காத்திருக்கிறது.'

ஐந்து மணி ஆயிற்று. ஐந்தேகால். முனையில் ஒரு பெரியவர் போனைப் பார்த்துக்கொண்டே வந்தார். அவர் சாட்சி சொல்லிவிட்டால் கதை முடிந்தது. அவர் யாருக்கோ "வாங்கிட்டேன், வாங்கிட்டேன்" என்று கத்திக்கொண்டே கடந்து போனார்.

ஐந்தரை.

திரையில் வரி மாறியது. 'ஒருவர் இந்த இடத்தை நோக்கி வருகிறார்.'

அவள் கேட்டைப் பிடித்துக்கொண்டாள். முனை திரும்பி ஒரு ஸ்கூட்டர் வந்தது. பின்னால் பார்சல் பெட்டி. மருந்துக்கடை வாசலில் நின்றது. ஓட்டி வந்தவன் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. ஆனால் அந்தக் கழுத்தை எந்த ஹெல்மெட்டும் மறைக்காது.

அவன் அங்கேயே உட்கார்ந்திருந்தான். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அவள் கூப்பிடவில்லை. கையசைக்கவில்லை. முப்பது அடிக்குள் வந்தால்தான் பொத்தான் திறக்கும். அந்த முப்பதை யோசித்து வைத்த நாளில் அது தூரமாகத் தெரியவில்லை.

இன்ஜின் நின்றது.

நடந்து வந்தான். மெலிந்திருந்தான். தாடையில் தாடி. அவளைப் பார்க்கவில்லை, கல்லைப் பார்த்தான். கால் கட்டைவிரலால் ஓர் ஓரத்தை அழுத்தினான். தண்ணீர் கொப்பளித்தது.

"ஆடுது," என்றான்.

"ஆமாண்ணா."

குனிந்து படம் எடுத்தான். பொத்தானை அழுத்தினான். அவள் கையிலிருந்த போன் ஒரு தடவை அதிர்ந்தது.

"அன்னைக்கு நான் சொன்னது..." என்று ஆரம்பித்தாள்.

"தண்ணி எங்கேர்ந்தோ கசியுது. கல்லை மட்டும் மாத்தினா போதாது. அதையும் எழுது."

"எழுதுறேன். அண்ணா, அன்னைக்கு நான் சொன்னது தப்பு. அந்தக் கையெழுத்தை நீ போடலைன்னா நான் போட்டிருப்பேன். அப்போ யாரைச் சொல்லியிருப்பேன்னு தெரியல."

அவன் நிமிர்ந்தான். ஹெல்மெட்டைக் கழற்றினான். முகம் முழுவதும் வேர்வை. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். வேர்வை என்றே வைத்துக்கொள்வோம்.

"சுண்டெலின்னு போட்டிருக்க. அறிவில்ல? ஆபீஸர் ஆயிட்ட."

"நீ ஒட்டகம்னு போடலாம், நான் போடக்கூடாதா?"

"அம்மா?"

"மேல. ஜன்னல்ல. நம்மளப் பார்க்காத மாதிரி நிக்கிறாங்க."

அவன் மேலே பார்க்கவில்லை. காது மடல் மட்டும் சிவந்தது.

"ஆறு மணிக்கு உன் கணக்கு போயிடும்," என்றாள். "அம்மாவோடதும். நான் எழுதின ரூல்."

"உன்னைத் தவிர வேற யாருக்கு வரும் அந்தப் புத்தி."

சிரித்தான். சத்தமில்லாமல் தோள் மட்டும் குலுங்கும் அதே சிரிப்பு.

"மாடிக்கு வாண்ணா."

"வண்டியில இன்னும் பதினோரு பார்சல் இருக்கு. ஆளுங்க காத்துக்கிட்டிருப்பாங்க." ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டான். ஸ்கூட்டர் பக்கம் நடந்தவன் பாதியில் திரும்பினான். "எட்டு மணி ஆகும்."

"எட்டு மணிக்கு?"

"எட்டு மணிக்கு."

வண்டி முனை திரும்பும் வரை அவள் நின்றாள். பிறகு இரண்டிரண்டு படியாக ஏறினாள். அம்மா ஜன்னலை விட்டு வந்திருந்தாள். மெஷின் மேலிருந்த துணிகளை வாரிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன சொன்னான்?"

"வரேன்னான்மா. எட்டு மணிக்கு."

அம்மா தலையாட்டினாள். மூலையில் மடக்கி வைத்திருந்த நாற்காலியை விரித்துத் துடைத்தாள். பிறகு கட்டிலுக்கு அடியில் குனிந்து, இன்னொரு நாற்காலியையும் இழுத்தாள்.

"ரெண்டு பேரும் சேர்ந்துதானே உக்காந்து சாப்பிடுவீங்க?" என்று கேட்டாள்.